ஒரு வண்டிக்கு ஆறு

அத்தியாயம் 9

யார்மேல் கோபப்படுவது என்பதைத்தான் சண்முகவடிவால் முடிவு செய்ய முடியவில்லை. கட்டிய கணவன்மேலா, கூடப்பிறந்த அண்ணன்மேலா? இருவர்மேலும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டே ஆறு நாள் போய்விட்டது. இன்று ஏழாவது நாள். இன்றோடு இந்தச் சள்ளை ஒழிந்தாக வேண்டும்.

ஆறு நாளாக நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விட்டுப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

தக்கலை மராமத்து ஓவர்சியர் வைகுண்டராஜனுக்கு மேலாபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எவ்வளவு வண்டி போனால் ஒரு சாலையை 'நெரிசல் சாலை' என்று சொல்லலாம்? அதற்கு ஓர் அளவு வேண்டுமாம். அளவு சரிதானா என்று பார்க்கத் தக்கலைக் கடைத்தெருவில் ஏழு நாள், காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை எண்ண வேண்டும். கார் ஒன்று. பஸ்ஸும் லாரியும் மும்மூன்று. சைக்கிள் அரை. மாட்டுவண்டிக்கு ஆறு. ஏழு நாளும் கூட்டி ஏழாயிரத்தைத் தாண்டினால் நெரிசல் சாலை. இரண்டு பக்கமும் பத்தடி எடுத்து அகலமாக்குவார்கள். தாண்டாவிட்டால் சாதாரணச் சாலை, கிடந்தபடி கிடக்கும்.

இந்தத் தாலூகா அடுத்த வருஷம் மலையாள ராஜ்யத்தோடு சேருமா, தமிழ் ராஜ்யத்தோடு சேருமா என்றே யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் இந்த மனிதர் சைக்கிளுக்கு அரை போட்டுக்கொண்டிருந்தார்.

அதுவாவது போகட்டும். அந்தப் பத்தடிக்குள் வருவது யாருடைய கடை? சண்முகவடிவின் அண்ணன் பொன்னுலிங்கத்தின் வாழைக்குலைக் கடை. தகரச் சாய்ப்பும், குலை தொங்கும் கம்பும், அவர் உட்காரும் பெஞ்சும் எல்லாம் அந்தப் பத்தடியில்தான்.

பொன்னுலிங்கத்துக்கு வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒரே ஒரு விஷயம் ஏறிப் பிடித்துக்கொண்டது. "என் வண்டி ஒண்ணுதான் போவுது. மச்சான் புஸ்தகத்துல அது ஆறாயிருதே! இது எந்த ஊருக் கணக்கு? என் கடைய இடிக்கதுக்குன்னே உண்டாக்கின கணக்குல்லா!" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முந்தாநாள் தங்கை வீட்டு முற்றத்தில் நின்று கடைசி வார்த்தையும் சொல்லிவிட்டார். நெரிசல் என்று எழுதினால் அவர் மகன் குமாரதாஸ் இவள் மகள் தாணம்மாளுக்கு இல்லை. தை மாதம் வைத்த கல்யாணம் அத்தோடு முடிந்தது.

இதுதான் நிலவரம். இனி இன்றைய கூத்து.

விடியற்காலை ஐந்தரைக்கே வைகுண்டராஜன் நெற்றியில் நாமம் இட்டு, காக்கி நிக்கர் மாட்டி, தாள்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டு நின்றார். சண்முகவடிவு சாயாவைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள்.

"இஞ்ச கேளுங்க. இன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும் வண்டிக்கு ஆறுக்குப் பதிலா நாலுன்னு போட்டா என்ன?"

"ஆறு நாளு ஆறு, ஏழாவது நாளு நாலா? பைத்தியாரன்னு மேலாபீசுல சொல்லுவான்."

"எங்க அண்ணன் வண்டிக்கு மட்டுமாவது போடுங்களேன்."

"வடிவு, ஒரு மாட்டுவண்டி கடைத்தெருவ கடக்கதுக்குள்ள ஆறு காரு போயிரும். அதுக்குத்தான் ஆறு. ஒங்க அண்ணனுக்குன்னு தனியா ஒரு கணக்கு கெடையாது."

"ஒங்களுக்கு எங்க அண்ணன் வண்டியக் கண்டாலே நெஞ்சு எரியும். அதச் சொல்லுங்க."

சண்டை போடவும் தெரியாத மனிதர். சாயாவை ஊதி ஊதிக் குடித்தார். அவளுக்கு அதைப் பார்த்தே பற்றிக்கொண்டு வந்தது.

தாணம்மாள் கூந்தலைக் கோதிக்கொண்டே வந்தாள். வயது பத்தொன்பது. கணக்கில் அப்பாவுக்குப் பிறந்தவள் என்று சொல்ல ஒரு சாட்சியும் வேண்டாம். "அப்பா, ஆறு நாளைக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"ஆறாயிரத்துத் தொண்ணூறு. தாண்டதுக்கு இன்னும் தொள்ளாயிரத்துப் பத்துக்கு மேல வேணும். இன்னிக்கிச் சந்தை. ஆயிரத்து நூறுக்குக் கொறையாது."

சண்முகவடிவு விரலை மடக்கிப் பார்த்தாள். அப்போ கல்யாணம் போச்சு.

"ரோட்டுக்கு வராம வேற வழியா ஒதுங்கிப் போற வண்டிய என்னப்பா செய்வீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் போதும், அவருக்குச் சோறே வேண்டாம். "அதுக்கும் விதி உண்டு மக்கா. அரை மைலுக்குள்ள ஒதுங்கிப் போனா, வண்டி நம்பரு, நேரம் ரெண்டும் எழுதி, நம்ம வீட்டாளு இல்லாத ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டா சேத்துக்கிடலாம். ஆனா இஞ்ச ஒதுங்க வழி எங்க இருக்கு? நெடுங்குளத்துக் கரையில ஆடுதான் போவும்."

மிச்சமிருந்த எண்ணுதாள் இரண்டை மகளிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

எட்டு மணிக்கு அண்ணனுடைய வில்வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரன் சிலுவைமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி ஒங்களையும் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொன்னாவ. எல்லாம் இன்னிக்கிப் பேசித் தீத்துரலாமாம்" என்றான்.

சண்முகவடிவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அண்ணன் இறங்கி வருகிறான் போலிருக்கிறது. நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, மகளையும் கட்ட வைத்து, வண்டியில் ஏறினாள். அண்ணன் வீடு கடைத்தெருவுக்குக் கிழக்கே. மெயின் ரோட்டில் போனால் கால் மணி நேரம்.

வண்டி மெயின் ரோட்டுக்குப் போகவில்லை. இடப்பக்கம் திரும்பிக் குளத்துக் கரையில் ஏறியது.

"ஏலே சிலுவைமுத்து, எங்கலே போற?"

"இன்னிக்கி ஒரு வண்டியும் ரோட்டுல காணப்பிடாதுன்னு அண்ணாச்சி உத்தரவும்மா. ஒரு வண்டிக்கு ஆறு எழுதுகாவளாம். நாளைக்கு வண்டிக்கு ஆறு லைசன்ஸ் எடுக்கச் சொன்னா எவன் எடுப்பான்னு எல்லாவனும் பயந்து போயிருக்கான். எல்லா வண்டியும் கரை வழியாத்தான்."

தாணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சண்முகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால், பொய் சொல்லுவானேன், மனசுக்குள் ஓரமாக ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது. வண்டி குறைந்தால் கணக்கு குறையும். கணக்கு குறைந்தால் கல்யாணம் நடக்கும். எப்படியோ ஒழிஞ்சு போகட்டும்.

அந்தச் சந்தோஷம் ஒரு பர்லாங்குகூடத் தாங்கவில்லை.

நெடுங்குளத்துக் கரை ஒரு வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல். அதில் முன்னால் பார்த்தால் வண்டி, பின்னால் பார்த்தால் வண்டி. வாழைக்குலை வண்டி, மரச்சீனிக் கிழங்கு வண்டி, ஓடு ஏற்றிய வண்டி, வைக்கோல் வண்டி. எல்லாம் கிழக்கே பார்த்து நின்றன. ஒன்றுகூட நகரவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. அரை மணியும் போயிற்று. வெயில் ஏறியது. காற்றில் கருவாட்டு நாற்றம் வந்து மூக்கில் அடித்தது.

"என்னலே ஆச்சு முன்னால?" என்று சண்முகவடிவு கத்தினாள்.

முன்னால் ஆனது இதுதான். குளச்சல் கருவாட்டு வியாபாரி சேக் மைதீன் களியக்காவிளைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். கடைத்தெரு முனையிலேயே இந்த ஆறு லைசன்ஸ் புரளி அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மனிதர் பயந்துபோய் மேற்கே பார்த்து அதே கரையில் வண்டியை ஏற்றிவிட்டார். இந்தப் பக்கத்திலிருந்து நாற்பது வண்டி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி. நடுக்கரையில் மாடும் மாடும் மூக்கோடு மூக்கு உரசி நின்றன.

"நீரு ஒரு வண்டிதானேவே, பின்னால எடும்!" என்றார்கள் இவர்கள்.

"மாடு என்ன மோட்டாராவே, பின்னால போறதுக்கு? நான்தான் முதல்ல கரையில ஏறினவன். நீங்க இறங்குங்க!" என்றார் சேக் மைதீன்.

"நாப்பது வண்டி எப்பிடிவே இறங்கும்?"

"நாப்பதும் எதுக்குவே இஞ்ச ஏறிச்சு? சர்க்காரு அவ்வளவு அழகா ரோடு போட்டு வச்சிருக்கு, சும்மா கெடக்கு!"

"நீரு எதுக்குவே ஏறினீரு?"

எல்லாரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். வண்டியை அவிழ்த்துக் கையால் பின்னுக்கு இழுக்கலாம் என்று ஒருவன் சொன்னதற்கு, "என் சரக்குல ஒருத்தன் கை வச்சா நான் இந்தக் குளத்துல சாடிருவேன்" என்று சேக் மைதீன் துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சண்முகவடிவு இறங்கி நிற்கலாமென்றால் கால் வைக்க இடம் இல்லை. ஒரு பக்கம் சாணி, மறு பக்கம் தண்ணீர். நல்ல சேலை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கருவாட்டு நாற்றத்தில் தலை கிறுகிறுத்தது. பின்னால் நின்ற மாடு ஒன்று வில்வண்டிக்குள் தலையை நீட்டி அவள் முந்தானையை மென்றது.

"என் அய்யாவே! இந்தச் சவத்துக் கரையில கொண்டுவந்து என்னை நிறுத்தினவன் நல்லாயிருப்பானா!" என்று வாய்விட்டே சபித்தாள். சபித்த பிறகுதான் அது கூடப்பிறந்த அண்ணன் என்று ஞாபகம் வந்தது. இருக்கட்டும், அவனுக்குத்தான் வேண்டும்.

அப்போது குமாரதாஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு இடையில் நெளிந்து நெளிந்து வந்தான். சர்க்கார் பஸ் டிரைவர். திருவனந்தபுரம் லைனில் ஓடுகிறவன். இன்றைக்கு லீவு. அத்தையைக் கண்டதும் பாம்பை மிதித்தவன் மாதிரி நின்றுவிட்டான்.

"நீயுமா மக்கா இதுக்குக் கூட்டு?"

"அப்பா சொன்னாவ அத்தை. லீவு போட்டு முன்னால நின்னு வண்டியெல்லாம் கரைக்குத் திருப்பி விடுன்னு. நான் என்ன செய்ய?" அவன் குரல் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. "தெனமும் நாலு தடவை அந்தக் கடைத்தெருவுல நிக்கேன் அத்தை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். எங்கப்பா கடைக்கு முன்னால, எங்கப்பா வண்டிக்குப் பின்னால. ஹாரன் அடிச்சா, 'ஏம்லே இந்தக் கத்து கத்துத'ன்னு எங்கப்பாவே கடைக்குள்ள இருந்து கேப்பாவ. வண்டியில இருக்க ஆளுவ எல்லாம் என்னையத்தான் ஏசுகானுவ. கடைக்காரன் எங்கப்பான்னு அவனுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அடிச்சே போடுவானுவ."

தாணம்மாள் வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். கையில் அப்பா கொடுத்த எண்ணுதாள், பென்சில்.

"ஏட்டி, எங்க போற?"

"இப்ப வாறேன்மா."

சாணியையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டி வரைக்கும் போனாள். ஒவ்வொரு வண்டியின் பின்பலகையிலும் அடித்திருந்த தகரத்தில் நம்பரைப் பார்த்து, நேரத்தையும் சேர்த்து எழுதினாள். பொழுதுபோக்குக்கு ஏதோ செய்கிறாள் என்றுதான் வண்டிக்காரர்கள் நினைத்தார்கள்.

சேக் மைதீனிடம் வந்ததும் நின்றாள். "மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்ன புள்ளே இது?"

"இன்னிக்கி இத்தன வண்டி இந்தக் கரையில நின்னுச்சு, நான் கண்டேன்னு சாட்சி. லைசன்ஸ் ஒண்ணும் கெடையாது மாமா, அது புரளி. ரோட்ட அகலப்படுத்தத்தான் எண்ணுகாங்க."

சேக் மைதீன் அவளையும் பார்த்தார், எதிரே நின்ற வண்டி வரிசையையும் பார்த்தார். "கொண்டா. ஒண்ணென்ன, ஒம்பது போடுகேன். அகலப்படுத்தட்டும்! இந்தக் கரையையும் சேத்து அகலப்படுத்தச் சொல்லு!"

கடைசியில் குமாரதாஸ்தான் வழி பண்ணினான். பஸ் ஓட்டுகிற மூளை அல்லவா? சேக் மைதீனிடம் கையைப் பிடித்துப் பேசி, மாட்டை அவிழ்த்து, எட்டுப் பேராகச் சேர்ந்து அவருடைய வண்டியை ஒரு மூட்டையைக்கூடத் தொடாமல் கையால் பின்னுக்கு இழுத்துக் கொண்டுபோய்க் கரை முனையில் விட்டார்கள். அதற்குள் மொத்தம் இரண்டு மணி நேரம் போய்விட்டது. அதன் பிறகுதான் நாற்பது வண்டியும் நகர்ந்தன.

தாணம்மாள் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள். "நாப்பத்தொண்ணும்மா. நம்ம வண்டியும் கருவாட்டு வண்டியும் சேத்து."

சண்முகவடிவு வெடுக்கென்று தாளைப் பிடுங்கினாள். "ஒனக்குக் கல்யாணம் வேணுமா வேண்டாமா ஏட்டி?"

"வேணும்மா." அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "அத்தானத்தான் கட்டணும். ஆனா கண்ணு முன்னால நிக்க வண்டிய இல்லன்னு எப்பிடிம்மா சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாய மூடிட்டு இரு. அது போதும்." தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டில் அண்ணன் இல்லை. கடையில் இருக்கிறாராம். பேசித் தீர்க்கக் கூப்பிட்டவர் வீட்டில் இல்லை! சண்முகவடிவு மகளை அங்கே விட்டுவிட்டு, அந்த வெயிலில் நடந்தே கடைத்தெருவுக்குப் போனாள்.

கடைத்தெரு திருவிழா முடிந்த மறுநாள் மாதிரி காலியாகக் கிடந்தது. இரண்டு நாய்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. ஒரு பஸ் ஹாரனே அடிக்காமல் போயிற்று. அந்த முனையில் ஒரு குடைக்குக் கீழே தன் கணவர் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. எழுத ஒன்றுமில்லாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

பொன்னுலிங்கம் சாய்ப்பின் கீழே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் முகம் நிறையச் சிரிப்பு.

"ஏட்டி வடிவு, வா வா! ரோட்டப் பாத்தியா? எங்க நெரிசலு? ஒம் மாப்பிள்ளய வந்து காட்டச் சொல்லு!"

"பேசித் தீக்கணும்னு கூப்பிட்டுட்டு என்னக் கொண்டு கொளத்துல நிறுத்தினியே, நீ நல்லா இருப்பியா அண்ணே?"

"ஒன்னய ஆரு கொளத்துல நிறுத்தினா? கரை வழியா கூட்டிட்டு வரத்தான் சொன்னேன்."

"ரெண்டு மணி நேரம்! மாடு எஞ் சேலையத் தின்னு போட்டுது. கருவாட்டு நாத்தம் இன்னும் கொடலப் பெரட்டுது. ஒன் வாழக்கொலையெல்லாம் வெயில்ல கெடந்து கருத்துப் போச்சு. ஒம் மகன் அங்க நின்னு கண்ணீரு விடுகான். எல்லாம் எதுக்கு? இந்தத் தகரத்துக்கு!"

பொன்னுலிங்கத்தின் சிரிப்பு போய்விட்டது. வெற்றிலையைத் துப்பினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"பத்தடி போனா என்ன மிஞ்சும்னு பாத்தியா? உள்ள மூணு கொலை தொங்கவிடலாம். அவ்வளவுதான். எம் மகன் பஸ்ஸுக்குப் போயிட்டான். இந்தப் பெஞ்சில இருந்து ரோட்டப் பாக்கதுதான் எனக்கு மிச்சம். அதையும் ஒம் மாப்பிள்ள ஆறால பெருக்கி எடுத்துட்டுப் போறாருன்னா, நான் சும்மா இருக்கணுமா?"

சண்முகவடிவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. திட்ட வந்தவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இடுப்பில் செருகிய தாள் குத்தியது.

"இன்னிக்கிக் கணக்கு தாண்டாது. நான் பாத்துக்கிட்டேன்" என்று பொன்னுலிங்கம் மறுபடியும் சிரித்தார். "தை மாசம் கல்யாணம். போயி வேலையப் பாரு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. கொறஞ்ச கணக்கை எவனாவது ஏத்தினான்னு கேள்விப்பட்டேன்னா, இந்த அண்ணன் ஒனக்கு இல்ல. செத்தாலும் ஒம் படி ஏற மாட்டேன்."

சொன்னால் செய்கிறவர்தான். அவருடைய பிடிவாதம் அவளுக்குத் தெரியாததா? அதே பிடிவாதத்தில் பாதி அவளிடமும் இருந்தது.

சண்முகவடிவும் மகளும் வீடு திரும்பிய பிறகு, மாலை ஆறேகாலுக்கு வைகுண்டராஜன் வந்தார். சைக்கிளைச் சாத்தினார். கால் கழுவினார். விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டினார். ஒரு தடவை கூட்டி, நம்பாமல் மறுபடியும் கூட்டினார்.

"எழுநூத்தி ரெண்டு" என்றார். "மொத்தம் ஆறாயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டு. இருநூத்தியெட்டு கொறையுது."

சண்முகவடிவு சோற்றைப் போட்டாள். கல்யாணம் நடக்கும். அண்ணன் உண்டு. அவள் ஆறு நாளாக வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்த்தாள். ஒரு மண்ணும் இல்லை.

"சந்தை நாள்ல எழுநூறு" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. "எங்கயோ பிழை. நான்தான் சரியா எண்ணல போலிருக்கு. எண்ணதுக்கு நிறுத்தின ஆளுவ மத்தியானம் தூங்கியிருப்பானுவளோ? சாதாரணச் சாலைன்னு எழுதி அனுப்பிருவேன். ஒங்க அண்ணனுக்கு நல்லதாப் போச்சு."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒருவர்மேல் கோபப்படக்கூடாதா இந்த மனிதர்? கண்ணுக்கு எதிரே வண்டியையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறான். இவர் 'நான்தான் சரியா எண்ணல' என்கிறார்! அந்தக் கரையில் அவள் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாளே, அது என்ன கனவா? ஒரு கருவாட்டு வண்டி அசையாமல் நின்று நாற்பது வண்டியை நிறுத்தியது. அது ஒன்றா? ஆறு என்று எழுதினால்கூடக் குறைச்சல்தான்.

இடுப்பிலிருந்து தாளை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"ஒங்க கணக்குல பிழை ஒண்ணும் இல்ல. சாப்பிடுங்க."

அவர் இடது கையால் பிரித்துப் பார்த்தார். நம்பரெல்லாம் வரிசையாக, நேரத்தோடு, தாணம்மாளின் குண்டு எழுத்தில். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். மகள் அடுக்களைக் கதவோரம் நின்றாள்.

"நெடுங்குளத்துக் கரையிலயா?" என்றார். அப்புறம் தாளை மடித்துக் கீழே வைத்தார். "ஆனா இது செல்லாது வடிவு. சேக் மைதீன் கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு வேணும். நீயும் பிள்ளையும் போட முடியாது, வீட்டாளு."

"அப்போ கெடக்கட்டும்" என்றாள் சண்முகவடிவு. அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது. என்னால் ஆனதைச் செய்தாகிவிட்டது. இனி கும்பிடுகிற அய்யா விட்ட வழி.

அப்போது வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டது. குமாரதாஸ் உள்ளே வந்து, துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். அவன் வந்த நேரமும் நின்ற நிலையும் பார்த்தால், வாசலுக்கு வெளியே ரொம்ப நேரமாக நின்றிருப்பான் போலிருந்தது.

"மாமா, அந்தத் தாள இஞ்ச தாருங்க."

"எதுக்கு மக்கா?"

"நாப்பது வண்டியயும் கரைக்குத் திருப்பி விட்டவன் நான்தான். என்னவிட எவன் சாட்சி?"

வைகுண்டராஜன் எழுந்துவிட்டார், சாப்பிட்ட கையோடு. "நீ எம் மருமகன்லா? வீட்டாளு இல்லியா?"

"கல்யாணம் முடிஞ்சிருந்தா வீட்டாளு. இன்னும் முடியல்லியே மாமா." அவன் தாணம்மாளைப் பார்த்தான். "இனி முடியுமான்னும் தெரியாது. கணக்கு தாண்டினா கல்யாணம் இல்லன்னு அப்பா எங்கிட்டயும் சொல்லியிருக்காவ."

தாணம்மாள் உள்ளே போய் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

அந்தப் பெண் முகத்தைப் பார்க்கச் சண்முகவடிவால் முடியவில்லை. 'வேண்டாம் மக்கா' என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

குமாரதாஸ் கையெழுத்துப் போட்டான். "தேதி போடு" என்றார் வைகுண்டராஜன். உலகமே இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தேதி வேண்டும். அவன் தேதி போட்டான்.

அவர் சோற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். விளக்கை இழுத்துக்கொண்டார். "நாப்பத்தொண்ணு... ஆறால பெருக்கினா..."

"இருநூத்தி நாப்பத்தாறு" என்றாள் சண்முகவடிவு.

மூன்று பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஏழு நாளாக அந்த ஆறை வாயில் எடுத்தாலே சண்டைக்கு வந்தவள்.

"என்ன பாக்குதீங்க? ஏழாயிரத்து முப்பத்தெட்டு. தாண்டிப் போச்சு. எழுதுங்க."

அவர் எழுதினார். கையெழுத்து மை காயட்டும் என்று ஊதினார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வில்வண்டிச் சலங்கை கேட்டது. ரெட்டை மாட்டுச் சலங்கை. தக்கலையில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி உண்டு.

வண்டி வாசலில் நின்றது. "ஏட்டி வடிவு!" என்று குரல் வந்தது. நல்ல உற்சாகமான குரல். "எம் மருமவளுக்குச் சேல எடுத்துட்டு வந்திருக்கேன். வெளக்கக் கொண்டா, வந்து பாரு!"

குமாரதாஸ் வெளியே போகத் திரும்பினான். வைகுண்டராஜன் கை கழுவச் செம்பைத் தேடினார். சண்முகவடிவு இருவரையும் கையால் தடுத்தாள். பாயில் கிடந்த தாளை எடுத்து மடித்து மறுபடியும் இடுப்பில் செருகினாள். விளக்கையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் வரண்டாம்" என்றாள். "எங்க அண்ணன்கிட்ட நான் சொல்லுகேன்."